நாவல் மரம் காய்க்கவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்துக்குச் செல்லும் வழிமுறை

சென்னையில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் பிளம் என்ற பெயரில் இரண்டு வேறு மரங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒன்று, ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ சென்று திரும்பும்போது ஆசையுடன் வாங்கி வந்த உண்மையான பிளம் கன்று. மற்றொன்று, நாற்றுப் பண்ணைகளில் 'ஜாவா பிளம்' என்று சீட்டு கட்டி விற்கப்படும் நம் நாவல். பெயரில் நெருக்கம் இருந்தாலும் இவை இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. பிளம் ரோஜாவின் குடும்பம். நாவல் கொய்யா, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகியவற்றின் குடும்பம். நாவலின் தாயகம் இந்தியத் துணைக்கண்டமே.

கீழே உள்ள தலைப்புகளில் உங்கள் மரத்தில் காணும் அறிகுறியைத் தேடிப் படிக்கலாம். அதற்கு முன் இரண்டு விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: மரம் விதையிலிருந்து வந்ததா அல்லது ஒட்டுக்கன்றா, நட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின. இவை தெரியாமல் செய்யப்படும் வைத்தியம் பெரும்பாலும் வீண் செலவாகவே முடிகிறது.

அறிகுறி: மலையிலிருந்து வாங்கி வந்த பிளம் கன்று இலை விடுகிறது, ஆனால் பூப்பதே இல்லை

இதில் உங்கள் பராமரிப்பின் குறை எதுவும் இல்லை. குறை குளிரில் இருக்கிறது. பிளம் மரம் ஒரு கோடையில் உருவாக்கும் மொட்டுகள் குளிர்காலத்தில் உறங்குகின்றன. ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான குளிரில் பல நூறு மணி நேரம் கழிந்த பிறகுதான் அந்த உறக்கம் முறையாகக் கலையும். சீன, ஜப்பானிய வகைகளுக்குக் குறைந்த நேரமும் ஐரோப்பிய வகைகளுக்கு அதிக நேரமும் தேவைப்படும். குளிர் போதாவிட்டால் மொட்டுகள் ஆங்காங்கே, காலம் தப்பி விரிகின்றன; பல மொட்டுகள் விரியாமலே காய்ந்து உதிர்கின்றன. சென்னையிலோ மார்கழி, தை மாத அதிகாலையிலும் 20 டிகிரியை ஒட்டியே வெப்பநிலை நிற்கிறது. இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். ஆகவே தேவைப்படும் குளிர் மணிகளில் ஒரு மணி நேரம்கூட இங்கே கிடைப்பதில்லை. குன்னூர், கோத்தகிரி, உதகை, கொடைக்கானல் ஆகிய ஊர்கள் பிளம் பழத்துக்குப் பெயர் பெற்றதற்கு அவற்றின் உயரமும் அது தரும் குளிரும்தான் காரணம்.

தூரில் ஐஸ் கட்டிகளைக் கொட்டிப் பார்த்தவர்களை நான் அறிவேன். குளிர் தேவைப்படுவது கிளையில் இருக்கும் மொட்டுக்கு, வேருக்கு அல்ல. ஐஸ் வேரைத்தான் வருத்தும். குளிர் குறைவாகக் கேட்கும் வகை என்று சொல்லி விற்கப்படும் கன்றுகளுக்கும் இதே பதில்தான், ஏனெனில் 'குறைவு' என்பது அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட மணி நேரத்தைக் குறிக்கிறது. நீலகிரியில் உறவினர் யாரேனும் இருந்தால் கன்றை அவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள். சென்னையில் இதற்கு வேறு தீர்வு கிடையாது.

கிழக்காசியாவில் பிளம் பூவுக்கு இருக்கும் பெருமையும் இந்தக் குளிரிலிருந்தே பிறந்தது. பனி விலகும் முன்பே, இலை ஒன்றுகூட இல்லாத கிளையில் ஐந்து இதழ்களுடன் மலர்வதால், சீனர்கள் அதனைப் பைன் மரத்தோடும் மூங்கிலோடும் சேர்த்துக் குளிர்காலத்தின் மூன்று நண்பர்கள் என்று போற்றினார்கள். தைவான் 1964-இல் அதனைத் தன் தேசிய மலராக ஏற்றது. ஓவியங்களில் காணும் அந்தப் பூ, நாம் கடையில் வாங்கும் பிளம் பழத்தின் பூ அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது 'மெய்' என்று சீனத்திலும் 'உமே' என்று ஜப்பானிலும் அழைக்கப்படும், ஆப்ரிகாட்டுக்கு நெருங்கிய தனி இனம். ஓவியத்தைப் பார்த்து ஆசைப்பட்டுக் கன்று தேடுபவர்கள் இதனை அறிந்திருப்பது நல்லது.

அறிகுறி: நாவல் மரம் செழித்து உயர்ந்திருக்கிறது, ஆனால் பல ஆண்டுகளாகக் காய்க்கவில்லை

நாவல் தொடர்பாக வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். இங்கே சற்று நிதானமாக நிற்க வேண்டும்.

முதலில் வயதைப் பாருங்கள். விதையிலிருந்து வந்த நாவல் காய்ப்புக்கு வர 8 முதல் 10 ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்று 4 முதல் 6 ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். நட்ட மூன்றாம் ஆண்டிலேயே பழம் என்று விளம்பரத்தில் படித்துவிட்டு ஐந்தாம் ஆண்டில் மரத்தின் மீது கோபம் கொள்வது நியாயமன்று. நீங்கள் வாங்கியது உண்மையில் ஒட்டுக்கன்றுதானா என்பதையும் சரிபாருங்கள். ஒட்டுக்கன்றின் தண்டில், மண்ணிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள், பட்டையின் நிறமும் தடிமனும் மாறும் ஒரு வடு தெரியும். அந்த வடுவுக்குக் கீழிருந்து கிளம்பிய தளிர் உயர்ந்துவிட்டு, மேலே இருந்த ஒட்டுப் பகுதி காய்ந்து போயிருந்தால், உங்களிடம் இருப்பது விதைக்கன்றுதான். அதற்குரிய காலத்தைக் காத்திருக்க வேண்டும்.

வயது வந்தும் காய்க்கவில்லை என்றால், சென்னை வீடுகளில் பெரும்பாலும் காரணம் ஒன்றே: மரத்துக்குத் தண்ணீரும் உரமும் அதிகம்.

இதை என் சொந்த மரத்திடமிருந்து கற்றேன். விருகம்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நட்ட விதைக்கன்று பதினோராம் ஆண்டில் மொட்டை மாடியைத் தாண்டி வளர்ந்திருந்தது. இலைகள் கருமையான பச்சையில் எண்ணெய் தடவியதுபோல மின்னின. ஒரு பூ இல்லை. துணி துவைக்கும் இயந்திரத்தின் கடைசி அலசல் நீர் நாள்தோறும் அதன் பாத்திக்குத்தான் போய்க்கொண்டிருந்தது; நானும் மாதம் தவறாமல் மண்புழு உரம் இட்டு வந்தேன். மரத்தை வெட்டிவிட்டு மா வைக்கலாம் என்று ஆள் பேசியும் விட்டேன். அப்போது மதிலுக்கு அப்பால் இருந்து பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி, "தம்பி, வெட்டாதீங்க. எங்க ஊர்ல நாவலுக்கு யாரு தண்ணி ஊத்துனா? ஏரிக்கரையில கோடை முழுக்கக் காஞ்சு நிக்கும், ஆடி வந்தா தரையெல்லாம் பழமாக் கிடக்கும். ஒரு வருஷம் அதைப் பட்டினி போட்டுப் பாருங்க" என்றார்.

பாட்டி சொன்னதைத் தோட்டக்கலை வல்லுநர்களின் பரிந்துரையும் அப்படியே சொல்கிறது. வளமான மண்ணில் நாவல் இலையும் கிளையுமாகவே வளரும் இயல்புடையது. அப்படிப்பட்ட மரத்துக்கு உரத்தை நிறுத்தி, நீரையும் குறைத்து, மொட்டு உருவாகும் காலத்தில் வேர்ப்பகுதியைக் காயவிட வேண்டும். பிளம் மரம் குளிரைக் கேட்பதுபோல நாவல் ஒரு வறட்சியைக் கேட்கிறது. நம் வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு விடைபெற்ற பிறகு வரும் உலர்ந்த வாரங்கள்தான் அதற்கான காலம். குழாயைத் திறந்து அந்த வறட்சியை நாமே கலைத்துவிடுகிறோம்.

ஆகவே செய்ய வேண்டியது இது. தை, மாசி இரண்டு மாதங்களும் மரத்துக்குத் தண்ணீர் விடாதீர்கள்; துவைத்த நீர், சமையலறை நீர் எதுவும் அந்தப் பக்கம் போகாதபடி திருப்பிவிடுங்கள். அந்த ஆண்டு முழுவதும் உரம் வேண்டாம். பங்குனியில் பிஞ்சு பிடித்தது தெரிந்த பிறகு நீரைத் திரும்பக் கொடுக்கத் தொடங்கி, பழம் பருக்கும் வைகாசி, ஆனி மாதங்களில் நான்கைந்து முறை நன்றாக ஊற விடுங்கள். மரம் காய்ப்புக்கு வந்த பிறகு, அறுவடை முடிந்து மழை தொடங்கும் முன் ஆண்டுக்கு ஒரு முறை மக்கிய தொழு உரம் இட்டால் போதும். ஐந்து வயதுக்குட்பட்ட கன்றுகளுக்கு இந்தப் பட்டினி வைத்தியம் கூடாது. அவற்றுக்குக் கோடை முழுதும் நீர் வேண்டும்.

எங்கள் மரம் முதல் ஆண்டில் ஒரு பக்கம் மட்டும் பூத்தது. மறு ஆண்டு, அதிகாலையில் பின்கதவைத் திறந்தபோது சிமெண்டுத் தரை முழுவதும் வெண்மையாக ஏதோ தூவிக் கிடந்தது. குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தேன்: கடுகைவிடச் சிறிய வெள்ளைத் தொப்பிகள். நாவல் பூவின் இதழ்கள் தனித்தனியாக விரிவதில்லை. ஒன்றோடொன்று ஒட்டி ஒரு மூடியாக இருந்து, மலரும்போது அப்படியே கழன்று விழுந்துவிடுகின்றன, பிறகு கேசரங்கள்தான் வெளியே தெரிகின்றன. அந்தத் தொப்பிகள் உதிர்வதைப் பூ உதிர்வதாக எண்ணிக் கலங்க வேண்டாம். அவை விழுந்தால் பூ மலர்ந்திருக்கிறது என்று பொருள்.

நீரையும் உரத்தையும் நிறுத்தி இரண்டு ஆண்டுகள் ஆகியும் பூக்கவில்லையா? அப்படியானால் கவாத்தை ஆராயுங்கள். நாவலின் பூங்கொத்துகள் புதிய தளிரின் நுனியில் வருவதில்லை. பெரும்பாலும் இலை உதிர்ந்த பழைய சிறு கிளைகளில், இலைத்தொகுதிக்குக் கீழே வருகின்றன. மின்கம்பிக்காகவோ அண்டை வீட்டு மாடிக்காகவோ ஒவ்வோர் ஆண்டும் மார்கழி, தையில் கிளைகளை மொட்டையடித்தால், அந்த ஆண்டின் பூவையும் சேர்த்தே வெட்டி எறிகிறோம். கவாத்து தேவையென்றால் அறுவடை முடிந்தவுடன், ஆவணியில் செய்யுங்கள். காய்ந்த கிளை, குறுக்கே உரசும் கிளை ஆகியவற்றை மட்டும் எடுங்கள். பட்டையை வளையமாகச் சீவி எடுத்தும் வேரைக் கத்தரித்தும் பூக்க வைக்கும் முறைகள் உண்டு என்றாலும், அனுபவம் இல்லாத கையில் அவை மரத்தையே கொன்றுவிடும். வீட்டு மரத்துக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிழலையும் மறக்கக் கூடாது. இரண்டு அடுக்குமாடிகளுக்கு இடையில் நாளுக்கு மூன்று மணி நேர வெயில் மட்டும் பெறும் மரம் எத்தனை பட்டினி கிடந்தாலும் நன்றாகக் காய்க்காது.

அறிகுறி: தை, மாசியில் இலைகள் மஞ்சளாகிக் கொட்டுகின்றன

இது நோயன்று. நாவல் எப்போதும் பசுமையான மரம் என்று பெயர் பெற்றிருந்தாலும், உலர்ந்த காலத்தில் பழைய இலைகளைப் பெருமளவில் உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத் தளிர் விடும். ஐயம் இருந்தால் ஒரு சிறு கிளையின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக ஈரம் இருந்தால் மரம் நலமாக இருக்கிறது. இந்த நேரத்தில் பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றுவதுதான் முன் சொன்ன காய்க்காமைக்கு முதற்படி.

அறிகுறி: பூ ஏராளம், பிஞ்சும் பிடிக்கிறது, ஆனால் பெரும்பகுதி உதிர்ந்துவிடுகிறது

நாவல் இயல்பாகவே தாங்கக்கூடிய அளவைவிடப் பல மடங்கு பூக்கும், பெரும்பகுதியைத் தானே கழிக்கும். மிளகு அளவுப் பிஞ்சுகள் முதல் சில வாரங்களில் தரையை மூடுவது இயல்பு. பட்டாணி அளவைத் தாண்டிய பிறகும் உதிர்ந்துகொண்டே இருந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

பெரும்பாலும் காரணம் நீரின் ஏற்ற இறக்கம். இரண்டு மாதம் காய்ந்த வேரில் ஒரே நாளில் ஒரு தொட்டி நீரைக் கொட்டினால் மரம் அதிர்ந்து பிஞ்சை உதிர்க்கும். பிஞ்சு பிடித்த பிறகு முதல் வாரம் சிறிதளவு, அடுத்த வாரம் சற்று அதிகம் என்று படிப்படியாகக் கூட்டுங்கள். பாத்தியில் காய்ந்த இலைகளை மூன்று விரற்கடை கனத்துக்குப் பரப்பி மூடாக்கு இட்டால் சித்திரை வெயிலிலும் மண் ஒரே சீராக ஈரம் காக்கும்.

பூக்கும் காலத்தில் பூச்சி மருந்து தெளித்திருந்தால் அதுவும் காரணமாகலாம். நாவல் பூவைத் தேனீக்களும் ஈக்களும்தான் கருவுறச் செய்கின்றன. காலை வேளையில் பூத்த மரத்தடியில் நின்றால் தலைக்கு மேலே ஓயாத ரீங்காரம் கேட்கும். அது கேட்காத தெருவில் காய்ப்பும் குறைவாகவே இருக்கும். வேப்பெண்ணெயானாலும் சரி, பூ இருக்கும்போது எதையும் தெளிக்காதீர்கள்.

தோப்பு வைத்திருப்பவர்கள் ஜிப்ரெலிக் அமிலம் என்னும் வளர்ச்சி ஊக்கியை 60 பிபிஎம் அளவில், அதாவது லிட்டருக்கு 60 மில்லிகிராம் வீதம், முழுப் பூப்பில் ஒரு முறையும் பிஞ்சு பிடித்த 15 நாட்களில் ஒரு முறையும் தெளித்து உதிர்வைக் குறைக்கிறார்கள். முப்பது அடி உயர வீட்டு மரத்துக்கு அது தேவையற்ற சிரமம் என்பதே என் கருத்து.

அறிகுறி: பழம் கறுத்திருக்கிறது, ஆனால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கிறது

வாழையும் மாவும் பறித்த பின் பழுக்கும், நாவல் அப்படிப்பட்டதல்ல. கிளையில் எந்த அளவு பழுத்ததோ அந்த அளவோடு நின்றுவிடும். அரிசிப் பானையில் வைத்தாலும் வைக்கோலில் மூடினாலும் இனிப்பு ஏறாது. கருஞ்சிவப்பாக மாறியவுடனேயே பறித்துவிடுவதுதான் துவர்ப்புக்குப் பெரும்பாலும் காரணம். முழுக் கறுப்பாகி, விரலால் அழுத்தினால் மெல்லக் குழைந்து, காம்பைத் தொட்டவுடன் கையில் வந்துவிடும் பழமே பதமானது. ஒரே கொத்தில் பச்சை, சிவப்பு, கறுப்பு மூன்றும் இருக்கும் என்பதால் கொத்தோடு ஒடிக்கக் கூடாது. நாள்தோறும் பதமானதை மட்டும் எடுக்க வேண்டும்.

இந்த உண்மையைத் தமிழ் மரபு ஒரு கதையாகவே வைத்திருக்கிறது. மதுரையை அடுத்த பழமுதிர்சோலையில், நாவல் மரக்கிளையில் மாடு மேய்க்கும் சிறுவனாக அமர்ந்திருந்த முருகன், களைத்து வந்த ஔவையிடம் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்டான் என்பது நாமெல்லாம் குழந்தையில் கேட்ட கதை. உலுக்கியவுடன் விழுந்த பழத்தில் மணல் ஒட்டிக்கொண்டது. ஔவை அதனை ஊதினாள். சுடுகிறதா பாட்டி என்று சிறுவன் சிரித்தான். நன்றாகப் பழுத்துக் குழைந்த பழத்தில்தான் மணல் ஒட்டும். கெட்டியான பழம் உருண்டு போய்விடும். மணலை ஊத வேண்டியிருக்கும் பழம் இனிக்கும் என்று மரத்தடியில் நின்று பறிப்பவர்களுக்கு இந்தக் கதை கற்றுக்கொடுக்கிறது. சிமெண்டுத் தரை வந்துவிட்ட நம் வீடுகளில் பழம் விழுந்து சிதறிவிடுவதால், கிளைகளுக்குக் கீழே பழைய வேட்டியையோ கொசு வலையையோ நான்கு மூலையில் தொய்வாகக் கட்டி உலுக்குவது நல்லது.

நன்றாகப் பழுத்தும் துவர்க்கிறது, பழமும் சிறியது, கொட்டையைச் சுற்றித் தோல் மட்டும் இருப்பதுபோல இருக்கிறது என்றால் அது விதைக்கன்றின் பிறவிக் குணம். உரத்தால் மாறாது. உப்புத் தூவிப் பத்து நிமிடம் குலுக்கி வைத்தால் துவர்ப்பு ஓரளவு அடங்கும். தள்ளுவண்டியில் உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்துத் தருவது அதற்காகவே. சதைப்பற்று வேண்டுமென்றால், கொங்கண் பஹாடோலி, கோமா பிரியங்கா போன்ற தேர்ந்த வகைகளின் ஒட்டுக்கன்றைத்தான் நட வேண்டும்.

அறிகுறி: பழத்துக்குள் வெள்ளைப் புழு

பழத்தை இரண்டாகப் பிளந்து பாருங்கள். கால்கள் இல்லாத, ஒரு முனை கூர்மையான, பால் வெண்மைப் புழு சதைக்குள் நெளிந்து, தட்டில் போட்டால் உடலை வளைத்துத் துள்ளினால் அது பழ ஈயின் புழு. தாய் ஈ பழம் நிறம் மாறும் சமயத்தில் தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. அந்த இடத்தில் ஊசி குத்தியதுபோன்ற புள்ளியும் சுற்றிலும் சற்றே அமுங்கிய வட்டமும் இருக்கும். முட்டை உள்ளே போன பிறகு வெளியிலிருந்து தெளிக்கும் எந்த மருந்தாலும் பயனில்லை.

தரையைச் சுத்தமாக வைப்பதே முதன்மையான தடுப்பு. விழுந்த பழத்திலிருக்கும் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக வெளிவருகிறது. ஆகவே விழுந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி, தடித்த பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் வெயிலில் வைத்துவிட்டு அதன்பின் உரக்குழியில் போடுங்கள். புதைப்பதானால் இரண்டு அடி ஆழம் வேண்டும். பழம் நிறம் மாறுவதற்கு ஒரு மாதம் முன்பே மெத்தில் யூஜினால் என்னும் வாசனைப் பொருள் வைத்த ஈப்பொறிகளை நிழலான கிளையில், ஆள் உயரத்தில் தொங்கவிடுங்கள். அது ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும் என்பதால், அக்கம்பக்கத்தில் மா, கொய்யா வைத்திருக்கும் வீடுகளும் சேர்ந்து பொறி வைத்தால்தான் தெரு முழுவதும் ஈ குறையும். அந்த ஆண்டின் பழத்தைச் சாப்பிட, அரை மணி நேரம் உப்பு நீரில் ஊறவைத்தால் புழுக்கள் வெளியே வந்துவிடும்.

வௌவாலோ அணிலோ கடித்த தடம் உள்ள பழங்களைக் குழந்தைகள் எடுத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இலையில் கொப்புளங்கள், அல்லது இலை மேல் கரி பூசியதுபோன்ற படலம்

இலையில் சிறு பருக்கள் போல எழும்பி, பின்புறம் குழிந்திருந்தால், அது நாவலையே நாடி வரும் ஒரு நுண்ணிய சாறு உறிஞ்சியின் வேலை. பெரிய மரத்துக்கு இதனால் பெருந்தீங்கு இல்லை. இளங்கன்றில் மட்டும் கொப்புளம் கண்ட இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள்.

கரி பூசியதுபோலிருந்தால் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். படலம் துணியோடு வந்துவிட்டால் அது கரும்பூஞ்சணம். இலையின் அடிப்புறத்தில் வெள்ளை ஈக்கள் சாறு உறிஞ்சிக் கழிக்கும் இனிப்புத் திரவத்தில் அது வளர்கிறது. பூஞ்சணத்துக்கு மருந்து தேடாமல் ஈயைக் கவனியுங்கள். லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளிப்பது போதும்.

அறிகுறி: இலை விளிம்பு மட்டும் காய்ந்த பழுப்பாகிறது

பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு ஒரு காரணம். நகரின் உட்பகுதியில், குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்க மனமின்றிச் செடிக்கு ஊற்றுவது மற்றொன்று. அந்த நீரில் உப்பு செறிந்திருக்கிறது. அதனைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த நாவல் ஓரளவு உப்பைத் தாங்கும், கன்று தாங்காது. ஐப்பசி மழை தொடங்கியதும் பாத்தியின் கரையை உயர்த்தி மழைநீர் அதில் நின்று இறங்கும்படி செய்தால் சேர்ந்த உப்பு கீழே கழுவப்பட்டுவிடும்.

அறிகுறி: மழைக்காலத்தில் மரம் சாய்கிறது

நாவல் நீர் தேங்குவதைத் தாங்கும் மரம். திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் நீர்த் தலமாகப் போற்றப்படும் சிவன் கோயிலின் தலமரம் வெண்ணாவல் என்பதும், நாவலைக் குறிக்கும் ஜம்பு என்ற சொல்லாலேயே இறைவன் ஜம்புகேசுவரர் எனப்படுவதும் நாவலுக்கும் நீருக்கும் உள்ள உறவை நினைவூட்டுகின்றன. ஆகவே வெள்ளத்தில் இரண்டு நாள் நின்றதால் மட்டும் வளர்ந்த மரம் சாகாது. சாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் சிமெண்டு.

தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர் போன்ற களிமண் பகுதிகளில் இரண்டடிக் குழி தோண்டிச் செம்மண் நிரப்பி நட்டு, சுற்றிலும் தூரை ஒட்டிச் சிமெண்டு போட்டுவிடுகிறார்கள். வேர் குழிக்குள்ளேயே சுழல்கிறது. மேலே குடை விரிகிறது. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் வீசியபோது இந்நகரில் ஆயிரக்கணக்கில் சாய்ந்த மரங்களில், தட்டுப்போல் சுருண்ட வேரோடு கிடந்தவற்றை நானே பல தெருக்களில் பார்த்தேன்.

சாயும் திசைக்கு எதிர்ப்புறத்தில் மண் வில்லாக வெடித்திருக்கிறதா, தூரின் அந்தப் பக்கம் மேலே எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வளர்ந்த மரமானால் அடியில் யாரும் நிற்காதபடி செய்துவிட்டு உடனே மரம் அறிந்தவரை அழையுங்கள். நான்கைந்து வயதுக்குட்பட்ட கன்றானால் மழை விட்ட மறுநாளே, மண் ஈரமாக இருக்கும்போது மெல்ல நிமிர்த்தி, மூன்று பக்கம் முளையடித்துக் கட்டலாம். கயிறு தண்டைத் தொடுமிடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள். தூரைச் சுற்றிக் குறைந்தது நான்கு அடிக்குச் சிமெண்டைப் பெயர்த்தெடுங்கள். தோப்பில் மரத்துக்கு மரம் 10 மீட்டர் இடைவெளி விடுகிறார்கள். வீட்டில் அது இயலாவிட்டாலும் சுவரிலிருந்தும் நீர்த்தொட்டியிலிருந்தும் 15 அடி தள்ளி நடுங்கள்.

அறிகுறி: துணியிலும் தரையிலும் கறை போகவில்லை; சோப்புப் போட்டால் இன்னும் கருநீலமாகிறது

நாவலின் நிறமி புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். சலவை சோப்பு காரத்தன்மை உடையது என்பதால் முதலில் சோப்பைத் தொடாதீர்கள். குளிர்ந்த நீரில் அலசி, எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ தேய்த்துச் சற்று ஊறவிட்டு அலசிய பிறகு வழக்கம்போல் துவையுங்கள். கறை கண்ணெதிரே நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறி வெளிறுவதைப் பார்க்கலாம். மார்பிள், மொசைக் தரையில் மட்டும் புளிப்பு படக்கூடாது, தரை அரித்துவிடும். அங்கே பழம் விழுந்தவுடன் வெறும் நீரால் கழுவிவிடுவதே வழி.

அறிகுறி: கொட்டையை விதைத்தேன், முளைக்கவில்லை

விநாயகர் சதுர்த்திக்கு விளாம்பழத்தோடு படைத்த நாவற்பழத்தின் கொட்டைகளைச் சேர்த்துக் காயவைத்து, தீபாவளி கழிந்து விதைப்பவர்கள் உண்டு. நாவல் விதையின் உயிர் சில நாட்களிலேயே போய்விடும். காயக் காய முளைப்புத் திறன் குறையும். பழத்தைத் தின்ற அன்றே, அல்லது இரண்டொரு நாளில், சதையை நன்றாகக் கழுவிவிட்டு ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றி ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முளைத்து வரும்போது ஒரே கொட்டையிலிருந்து இரண்டு, மூன்று தளிர்கள் எழலாம். தவறுதலாகப் பல விதை விழுந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். நாவல் விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருப்பது இயல்பு. நான்கு இலை விட்டதும் வலுவானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரியால் அடியோடு நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் பின்னிக்கொண்டிருக்கும் வேர் இரண்டும் சேர்ந்தே வந்துவிடும்.